கறுப்பு டாங்கியில் நிஜத் தீ: ஏர்பிரஷ்ஷால் சுடர் தீட்டும் முறை

மோட்டார் சைக்கிள் டாங்கியில் தீ வரைவது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, 1950-களில் கலிபோர்னியாவின் ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய) கார்களில் முகப்பிலிருந்து கதவு வரை பரவியிருந்த கொழுத்த, வழவழப்பான தீநாக்குகள்தான். மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடிந்து, ஓரத்தில் மெல்லிய கோடு ஓடும் அந்த அலங்காரத் தீ அழகானதே; ஆனால் அது தீயின் சின்னமே தவிர, தீ அன்று. இங்கே விளக்கப்போவது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஓவியர் மைக் லவாலி ‘ட்ரூ ஃபயர்’ என்ற பெயரில் பரவலாக்கிய முறையை. இதில் ஓரக்கோடு கிடையாது. கறுப்புக்குள்ளிருந்து எழுந்து கறுப்புக்குள்ளேயே கரைகிற தீ இது. ஒரு கறுப்பு புல்லட் டாங்கியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முறையின் அடிப்படை எளியது. ஒளிபுகாத நிறத்தால் வெளிச்சத்தைப் போட வேண்டும். ஒளி ஊடுருவும் கேண்டி நிறத்தால் அந்த வெளிச்சத்துக்குச் சாயம் ஏற்ற வேண்டும். இதை மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடச் சிறிய பரப்பில், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இடையில் இருக்கும் கறுப்பை மூடிவிடாமல் காப்பதுதான் கடினமான பகுதி. தொடக்கக்காரர்களின் டாங்கிகள் பெரும்பாலும் கெட்டுப்போவது நிறம் குறைந்து அன்று, கறுப்பு குறைந்துதான்.

முதலில் தீயைப் பார்க்க வேண்டும்

காற்றழுத்தத்தால் நிறத்தைத் தூவும் ஏர்பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு மாலைப் பொழுதையாவது தீயைப் பார்ப்பதில் செலவிடுவது நல்லது. அகல்விளக்கின் சுடர் இதற்கு அவ்வளவாக உதவாது. அது அமைதியான, ஒற்றைத் துளி வடிவம். கார்த்திகைத் தீபத்தன்று கோயில் வாசலில் கொளுத்தும் சொக்கப்பனையோ, போகியன்று தெருவில் எரியும் குவியலோ கிடைத்தால், கைப்பேசியில் கேமராவின் ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்து ஐம்பது படம் எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு ஒரே பிழம்பாகத் தெரிந்த தீ, அந்தப் படங்களில் கிழிந்த பட்டுத்துணிபோல இழை இழையாகப் பிரிந்து நிற்கும்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது சில விஷயங்கள் புலப்படும். நாக்குகளுக்கு நடுவே நிறைய ஓட்டைகள் உண்டு. அவற்றின் வழியே பின்னால் இருக்கும் இருட்டோ வேறொரு நாக்கோ தெரியும். ஒரு நாக்கின் ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோலக் கூர்மையாகவும், மறுபக்கம் புகைபோல மங்கியும் இருக்கும். மிகுந்த வெளிச்சம் நுனியில் இருக்காது. நாக்குகள் ஒன்றன்மேல் ஒன்று மடியும் இடத்திலும் உடலின் நடுவிலும்தான் இருக்கும். நுனி எப்போதும் சிவந்து, மெலிந்து, சில வேளை அறுந்து தனித் துண்டாக மிதக்கும். தீயில் ஒளிர்வன சூடேறிய நுண்ணிய கரித்துகள்களே என்பதால், தீ தானே ஒளி. அதற்கு நிழற்பக்கம் கிடையாது. ஆகவே உருண்டையை வரைவதுபோல ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் இட்டால், தீ உடனே ரப்பர் பொம்மையாகிவிடும்.

கருவியும் நிறமும்

இரட்டைச் செயல் கொண்ட, மேலே கிண்ணம் உள்ள ஏர்பிரஷ் போதும். விசையை அழுத்தினால் காற்றும், பின்னுக்கு இழுத்தால் நிறமும் வர வேண்டும். 0.3 அல்லது 0.35 மில்லிமீட்டர் முனை இந்த வேலைக்குப் பொருத்தம். நான் பயன்படுத்துவது 0.35 மில்லிமீட்டர் முனை கொண்ட இவாட்டா எக்லிப்ஸ். இதைவிட நுண்ணிய முனை, மயிரிழை வரைய உதவும். ஆனால் தீக்கு வேண்டிய விசாலமான புகைவீச்சு அதில் வராது, அடிக்கடி அடைத்தும் கொள்ளும். கம்ப்ரசரில் தொட்டி இருப்பதும், குழாய் தொடங்கும் இடத்தில் ஈரம் பிரிக்கும் வடிகட்டி இருப்பதும் நம் ஊர்க் காற்றுக்குக் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையில் ஒரு மணி நேரம் ஓடிய கம்ப்ரசரின் வடிகட்டியைத் திறந்தால் அரை மூடி தண்ணீர் வடிவதைப் பார்க்கலாம். அதில் ஒரு சொட்டு கேண்டி நிறத்தோடு போய் விழுந்தால் அந்த இடம் அம்மைத் தழும்புபோல் ஆகிவிடும்.

நிறங்களில் இரண்டு வகை வேண்டும். ஒன்று, பேஸ் கோட் எனப்படும் சாதாரண ஒளிபுகாத நிறம்: செங்காவி கலந்த ஆரஞ்சு, பொன்மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், வெள்ளை. மற்றொன்று கேண்டி: ஆரஞ்சு, சிவப்பு, பொன். ஹவுஸ் ஆஃப் கலர் நிறுவனத்தின் கேண்டி செறிவுச் சாயங்களில் டேஞ்சரின், ஆப்பிள் ரெட், பேகன் கோல்டு என்ற மூன்றும் தீக்கென்றே செய்தவைபோல அமைந்திருக்கும். அவற்றை அந்நிறுவனத்தின் எஸ்.ஜி.-100 என்ற இடைப்பூச்சுக் கிளியரில் (நிறமற்ற பூச்சில்) சில துளிகள் கலந்து அடிக்கலாம். தண்ணீரில் கரையும் வகையை விரும்புவோருக்கு கிரியேட்டெக்ஸின் கேண்டி வரிசை உண்டு. வாடை குறைவு, காய்வதற்குச் சற்று நேரம் கூடுதல். ஒரு வகையில் தொடங்கினால் அதே வகையில் முடிப்பது பாதுகாப்பானது.

பேஸ் கோட்டை ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் தின்னர் சேர்த்துத் தொடங்கி, பால்போல் ஓடும் பதம் வரும்வரை இளக்க வேண்டும். காற்றழுத்தம் 20 முதல் 30 பி.எஸ்.ஐ. போதும், நிறம் மிக நீர்த்திருந்தால் 15 வரை இறக்கலாம். நிறம் கெட்டியாக இருந்து அழுத்தம் குறைந்தால் மணல் தூவியதுபோலச் சொரசொரப்பாக விழும். நீர்த்து அழுத்தம் கூடினால் சிலந்திக்கால்போல நாலாபுறமும் ஓடும். பழைய மட்கார்டு ஒன்றில் கறுப்படித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கலவையையும் அதில் சோதித்த பிறகே டாங்கிக்குப் போக வேண்டும்.

டாங்கியைத் தயார் செய்தல்

டாங்கியை வண்டியிலிருந்து கழற்றி, பெட்ரோலை முழுதும் வடித்து, மூடியைத் திறந்து வைத்து, வாடையே இல்லாமல் போகும்வரை காற்றாட விட வேண்டும். நிறைந்த டாங்கியைவிட, ஆவி மட்டும் தங்கிய காலி டாங்கிதான் ஆபத்தானது. பிறகு வாயையும் பெட்ரோல் குழாய் வரும் இடத்தையும் டேப் ஒட்டி அடைக்கலாம். டிங்கரிங், பட்டி, பிரைமர் எல்லாம் முடிந்து கறுப்பு பேஸ் கோட் அடித்து, அதன்மேல் ஒரு கை கிளியர் போட்டுக் காய்ந்த டாங்கிதான் தொடங்குவதற்கு ஏற்றது. ஏனெனில், ஓவியத்தில் தவறு நேர்ந்தால் கிளியர் வரை துடைத்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். வெறும் பேஸ் கோட்டில் அந்த வசதி இல்லை.

அந்தக் கிளியரை 800 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு, பளபளப்பு எங்குமே மிஞ்சாதபடி தேய்க்க வேண்டும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், தேயாத இடங்கள் மின்னிக் காட்டிக்கொடுக்கும். கிரீஸ் நீக்கும் திரவத்தால் ஒரு துணியில் துடைத்து, அது உலருவதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். அதற்குப்பின் வெறுங்கை படக்கூடாது. விரல்ரேகை பட்ட இடத்தில் நிறம் விலகி நிற்பதைக் கேண்டி அடிக்கும்போதுதான் காண்போம். அப்போது காலம் கடந்திருக்கும்.

முதல் பூச்சு ஏன் மஞ்சளாக இருக்கக் கூடாது

தீ மஞ்சளாகத்தானே இருக்கிறது என்று கறுப்பின்மேல் நேராக மஞ்சளைத் தூவினால், வருவது பாசிபடர்ந்த பச்சை. மஞ்சளுக்கு மறைக்கும் ஆற்றல் குறைவு. மெல்லிய மஞ்சள் படலத்தின் ஊடே கறுப்பு எட்டிப்பார்க்கும்போது கண் அதைப் பச்சையாகவே வாசிக்கும். சரி, வெள்ளையில் தொடங்கலாம் என்றால், கறுப்பின்மேல் மென்மையாகத் தூவிய வெள்ளை நீலம் பாய்ந்து, தீக்குப் பதிலாக நிலவொளிபோல் தெரியும். இந்த இரண்டு பொறிகளுக்கும் தப்பும் வழி, செங்காவியோடு ஆரஞ்சும் துளி வெள்ளையும் கலந்த, செங்கல்லைவிடச் சற்று வெளிறிய ஒரு நிறத்தில் தொடங்குவதே. இது மங்கிக் கறுப்பில் கரையும் ஓரத்திலும் தணல் நிறமாகவே கரையும்.

இந்த முதல் பூச்சில்தான் தீயின் எலும்புக்கூடு உருவாகிறது. வண்டி ஓடும் திசையை மனத்தில் வைத்து, டாங்கியின் முன்பகுதியில், ஹேண்டில்பாரின் கீழிருந்து தீ புறப்பட்டு, முழங்கால் படும் பள்ளத்தைச் சுற்றி வளைந்து, இருக்கையை நோக்கி ஓட வேண்டும். கோடுகள் எல்லாம் நீண்ட ‘S’ வடிவ வளைவுகள். மணிக்கட்டால் அன்று, தோளிலிருந்து கையை வீச வேண்டும். காற்று முதலில், நிறம் அடுத்து; முடிக்கும்போது நிறம் முதலில் நின்று, காற்று கடைசியில் நிற்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் ஒவ்வொரு கோட்டின் தலையிலும் வாலிலும் ஒரு பொட்டு விழும். நுனியை நோக்கிப் போகப்போக டாங்கியிடமிருந்து விலகிக்கொண்டே விசையையும் தளர்த்தினால், கோடு கூர்ந்து மறையும்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடலாம். ஹாட் ராட் தீயில் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக இருப்பது மரபு. நிஜத் தீயில் அந்த ஒழுங்கு, பார்த்த மறுநொடியே பொய்யைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கத்துக்கும் எடை ஒன்றாக இருந்தால் போதும்.

வெறுங்கையால் மட்டும் அடித்தால் எல்லா ஓரமும் மங்கலாகவே இருக்கும். கூர்மைக்கு ஸ்டென்சில், அதாவது வடிவம் வெட்டிய மறைப்புப் படலம், வேண்டும். தீ வளைவுகள் வெட்டிய ஆயத்த ஸ்டென்சில்கள் கடையில் கிடைக்கின்றன. நான் பழைய எக்ஸ்ரே படலத்தில் ஐந்தாறு வளைவுகளை வெட்டி வைத்திருக்கிறேன். வளைந்த டாங்கியின்மேல் அது நன்றாகப் படியும், தின்னருக்கும் அவ்வளவாக அசையாது. ஸ்டென்சிலை அச்சுப்போலப் பயன்படுத்தக் கூடாது. அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஓர் இடம் மட்டும்தான் நமக்குத் தேவை. அந்த இடத்தை டாங்கியோடு அழுத்திப் பிடித்து, மறுமுனையை அரை சென்டிமீட்டர் தூக்கி, தூவலில் பாதி படலத்தின்மேலும் பாதி டாங்கியின்மேலும் விழும்படி ஒரே வீச்சில் அடிக்க வேண்டும். அழுத்திய இடத்தில் கத்திமுனைபோன்ற ஓரம் பிறந்து, தூக்கிய இடத்தை நோக்கி அது தானாகவே புகையாகக் கலைந்திருக்கும். அடுத்த வீச்சுக்கு முன் படலத்தைத் திருப்பியோ சாய்த்தோ பிடிக்க வேண்டும். ஒரே வளைவு மூன்று முறை திரும்பினால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அடிப்புறத்தில் ஒட்டிய நிறத்தை அவ்வப்போது துடைக்காவிட்டால் அது டாங்கியில் பதிந்துவிடும்.

முதல் பூச்சு முடிந்ததும் டாங்கியின் பரப்பில் பாதிக்குமேல் கறுப்பாகவே இருந்தால் சரியான வழியில் போகிறோம் என்று பொருள்.

கேண்டியும் வெளிச்சமும் மாறிமாறி

பத்துப் பதினைந்து நிமிடம் காய்ந்தபின், டேஞ்சரின் கேண்டியை நன்றாக நீர்க்கக் கலந்து, சாணளவு தொலைவிலிருந்து தீயின்மேல் முழுவதுமாக மெல்லத் தூவ வேண்டும். செங்கல் நிறம் அங்கேயே தணலாக மாறுவதைப் பார்ப்பது இந்த வேலையின் இன்பங்களில் ஒன்று. கேண்டி கறுப்பின்மேல் விழுந்தாலும் கவலையில்லை. ஒளி ஊடுருவும் நிறம் கறுப்பின்மேல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே கனத்த பூச்சாக அடித்தால் வழியும், திட்டுத்திட்டாகவும் நிற்கும்; எனவே இரண்டு மெல்லிய பூச்சுகள்.

அடுத்தது பொன்மஞ்சள், துளி வெள்ளை கலந்து ஒளிபுகாத பதத்தில். முதல் பூச்சின் பரப்பில் ஏறக்குறைய பாதியை மட்டும் இதனால் தொட வேண்டும். பழைய கோடுகளை அப்படியே மேலோட்டமாக வருடிக்கொண்டு போவதுதான் இந்தக் கட்டத்தில் பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் ஒவ்வொரு நாக்கும் வரம்பு கட்டிய கோடாகிவிடும். பழைய நாக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு புதிய நாக்குகள் எழ வேண்டும். அப்போதுதான் முதல் பூச்சு பின்னுக்குப் போய், இரண்டாவது பூச்சு முன்னே வந்து, தீக்கு ஆழம் கிடைக்கும். இதன்மேல் மறுபடி கேண்டி: உடலின் நடுவில் டேஞ்சரின், நுனிகளிலும் ஓட்டைகளின் ஓரங்களிலும் ஆப்பிள் ரெட்.

சிவப்பு கேண்டி அடித்தபின் நிறமில்லாத இடைப்பூச்சுக் கிளியரை ஒரு கை போட்டுக் காயவிட வேண்டும். இதை நான் பாடமாகக் கற்றதில்லை, பட்டுத்தான் கற்றேன். என் முதல் டாங்கியில் அவசரமாகச் சிவப்பின்மேல் நேரே வெள்ளைப் பொட்டுகளை வைத்துவிட்டு, இரவு விளக்கில் பார்த்து மகிழ்ந்து படுக்கப்போனேன். காலையில் அந்த வெள்ளை எல்லாம் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது. கேண்டியில் இருப்பது நிறமித்தூள் அன்று, சாயம். மேலே பூசும் ஈரமான நிறத்துக்குள் அது ஊறி ஏறிவிடும். இடைப்பூச்சு அந்த ஊறலை முற்றிலும் தடுக்காவிட்டாலும் பெருமளவு குறைக்கும். மேற்பூச்சுகளை மெல்லியதாகவும் விரைவில் காயும்படியும் அடிப்பது மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது வெளிச்சம் எலுமிச்சை மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தது. கீழே ஏற்கெனவே ஆரஞ்சு இருப்பதால் இப்போது பச்சையாகத் தெரியும் அபாயம் இல்லை. தீயின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் இது போகக் கூடாது. நாக்குகள் மடியும் முடிச்சுகளில், ஸ்டென்சிலின் கூர்மையான ஓரத்தை வைத்து, குட்டையான வீச்சுகளாக இட வேண்டும். இதன்மேல் பேகன் கோல்டை மூச்சுவிட்டாற்போல் ஒருமுறை தூவினால் எல்லாம் ஒன்றுசேரும். கடைசியாக, மிகமிகச் சூடான நாலைந்து இடங்களில் மட்டும் வெள்ளையைத் தொட்டு, அந்த வெள்ளையின்மேலும் பொன் கேண்டியை லேசாக ஓட்ட வேண்டும். நிர்வாணமான வெள்ளை தீயில் சுண்ணாம்புபோல் துருத்திக்கொண்டு நிற்கும்.

பொறிகள் தெறிப்பதுபோல் நிறைய புள்ளிகள் வைக்கத் தோன்றும். ஒரு பழைய பல்துலக்கியைப் பேஸ் கோட்டில் தோய்த்துத் தெறிக்கவிட்டால் அழகாகவே விழும், ஆனால் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். அதற்குமேல் போனால் தீபாவளி மத்தாப்பு ஆகிவிடும். மண்டையோடுகளை உள்ளே ஒளித்துவைக்கும் வழக்கத்தைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு: தீ நன்றாக இருந்தால் அது தேவையில்லை, நன்றாக இல்லாவிட்டால் அது உதவாது.

இடையிடையே நிறம் தடைப்பட்டால், ஊசியின் நுனியில் காய்ந்த நிறம் ஒட்டியிருக்கிறது என்று பொருள். தின்னர் தொட்ட மென்தூரிகையால் துடைத்தால் சரியாகும். நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைத் தின்னரால் கழுவ வேண்டும். முக்கியமாக, சிவப்பு கேண்டிக்குப்பின் மஞ்சளை ஊற்றுமுன் இரண்டு முறை.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். டாங்கியைப் பத்தடி தள்ளி வைத்து, கண்களைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். கறுப்பு ஓட்டைகள் தனித்தனியாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே ஆரஞ்சுத் திட்டாகத் தெரிந்தால் ஏற்கெனவே தாண்டிவிட்டோம், கறுப்பை எடுத்து ஓட்டைகளை மறுபடி திறக்க வேண்டும். அப்படித் திறக்கும்போது கறுப்பை மிக நீர்க்க வைத்து, ஸ்டென்சிலின் உட்பக்க வளைவால் வெட்டினால் தையல் தெரியாது.

கிளியரும் அதற்குப் பின்னும்

ஓவியம் காய்ந்தபின் மங்கலாக, உயிரில்லாததுபோல் தோன்றும். கிளியர் விழுந்ததும்தான் கேண்டியின் ஆழம் வெளிவரும் என்பதால், அந்த நிலையைக் கண்டு பதறி மேலும் வெளிச்சம் சேர்க்கக் கூடாது. ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலக்கும் டூ-கே கிளியரை டப்பாவில் குறித்த விகிதத்தில் கலந்து, முதல் பூச்சை மெல்லியதாகவும் அடுத்த இரண்டை நனைய நனையவும் அடிக்க வேண்டும். முதல் பூச்சையே கனமாக அடித்தால் கீழேயுள்ள கேண்டி கரைந்து இழுபடும். கேண்டிச் சாயங்கள் வெயிலில் வெளிறுபவை; ஆதலால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியரைக் கேட்டு வாங்குவதில் கூடுதல் செலவு பார்க்கக் கூடாது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லேக்கர் வகை நிறங்கள் வெள்ளை பூத்துவிடும் என்பதால், மழை நாளில் இந்த வேலையை ஒத்திப்போடுவதே நல்லது. முடியாதென்றால் மெதுவாகக் காயும் தின்னரைப் பயன்படுத்தலாம்.

டூ-கே கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழலைத் தாக்கி ஆஸ்துமா வரவழைக்கும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் தொல்லை தரும். கைக்குட்டையும் மருத்துவமனை முகக்கவசமும் இதற்கு எந்தப் பாதுகாப்பும் அல்ல. வெளியிலிருந்து குழாய்வழி நல்ல காற்று தரும் முகக்கவசம் இல்லாதவர்கள், கிளியர் வேலையை மட்டும் அந்த வசதியும் பெயின்ட் அடிக்கும் தனி அறையும் உள்ள பெயின்டரிடம் கொடுத்துவிடலாம். இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ஏர்பிரஷ் வேலைக்கும்கூடக் கரிம ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகக்கவசமும், ஜன்னல் திறந்த அறையும், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ இல்லாத இடமும் வேண்டும்.

கிளியர் முழுதாக இறுகியபின், 1500, 2000 எண் வாட்டர் பேப்பர்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு பஃப் செய்தால், கையால் தடவும்போது தீக்கும் கறுப்புக்கும் இடையே எந்த மேடும் தட்டுப்படாது. டாங்கியின் விளிம்புகளில் கிளியர் மெல்லியதாக இருக்கும். அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது நல்லது. வண்டியின் பதிவுச் சான்றிதழில் நிறமும் குறிக்கப்பட்டிருப்பதால், வேறு நிற டாங்கியைக் கறுப்பாக்கி இந்த வேலையைச் செய்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

டாங்கியை மாட்டும்போது பழைய ரப்பர் வாஷர்களை மாற்றிவிட்டு, முதல் ஒரு மாதம் மெழுகு, பாலிஷ் எதுவும் போடாமல் விடலாம். பெட்ரோல் பங்கில் ஊழியர் குழாயை வெளியே எடுக்கும்போது சொட்டும் துளிகளே புதிய கிளியருக்கு முதல் எதிரி. வாயைச் சுற்றி ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, குழாயை நாமே பிடித்து எடுப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.